சர்வீஸ் ரைஃபிளுக்கு ஸ்கோப் மவுண்ட் வாங்கும் முன்: கழுத்திலிருந்து தொடங்குங்கள்

2016-க்கு முன்பு இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. அமெரிக்காவில் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம், சுருக்கமாக சிஎம்பி, நடத்தும் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளில் அதுவரை அயர்ன் சைட், அதாவது கண்ணாடி இல்லாத சாதாரணக் குறிபார்வை, மட்டும்தான். அந்த வருடம் விதி மாறியது. 4.5 மடங்குக்கு மேல் பெரிதாக்காத ஸ்கோப்பை ஏஆர்-15 மாதிரியான ராணுவ பாணி ரைஃபிளில் பொருத்தலாம் என்று ஆனது. அப்போதிலிருந்து கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த ஸ்கோப் நல்லது என்று மாதக்கணக்கில் அலசுகிறார்கள், அதைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கப்போகும் மவுண்டை மட்டும் கடைசி நாளில் ஏதோ ஒன்று என்று வாங்கிவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். முதல் சீசனில் மலிவான இரண்டு தனித்தனி ரிங், அதாவது ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்கள். 200 கெஜத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. 600 கெஜத்தில் படுத்துச் சுடும்போது முதல் ஏழெட்டுத் தோட்டாக்கள் ஒழுங்காக விழுந்தன, அப்புறம் ஒவ்வொன்றாக வலது பக்கம் ஏறத் தொடங்கின. காற்று மாறிவிட்டது என்று நினைத்து, குறியை நகர்த்தும் ஸ்கோப்பின் நாபைத் திருப்பினேன், திரும்ப வந்தது, மறுபடி விலகியது. அன்று மாலை வீட்டுக்கு வந்து பார்த்தால், முன் ரிங்கின் நட்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. ஒரு மணி நேரம் நான் இல்லாத காற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மவுண்டில் எவ்வளவு அசைவு இருந்தால் தப்பு நேரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு ரிங்குகளுக்கு இடையே 4 அங்குலம் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், குறி சுமார் 0.86 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) விலகும். 100 கெஜத்தில் அது 0.9 அங்குலம், 600 கெஜத்தில் கிட்டத்தட்ட 5.4 அங்குலம். சிஎம்பி 600 கெஜ இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 12 அங்குலம், அதாவது நட்ட நடுவில் விழவேண்டிய தோட்டா பத்தின் விளிம்புக்குப் போய்விடும். ஆயிரத்தில் இரண்டு பங்கு நகர்ந்தால் எட்டில் விழும். மனிதத் தலைமுடியின் தடிமனே ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்கு அங்குலம் இருக்கும். மயிரிழையில் தவறிவிட்டது என்று நாம் பேச்சுக்குச் சொல்வது இங்கே அளவெடுத்துச் சொல்லக்கூடிய உண்மை.

தொடங்கும் முன்

அமெரிக்காவில் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளியாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். நண்பர் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்பதெல்லாம் பிறகு உதவாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி, சில மாநிலங்களில் ஏஆர்-15 வகையே வாங்க முடியாது. இது தெளிவான பிறகு மேலே படியுங்கள்.

இன்னொன்று, கீழே சொல்லும் வேலை எதையும் தொடங்கும் முன் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, சேம்பர் காலி என்று காட்ட சிஎம்பி ரேஞ்சில் கட்டாயமாக உள்ள வண்ணப் பிளாஸ்டிக் கொடியைச் சேம்பரில் செருகிவிடுங்கள். வீட்டில் செய்யும்போதும்தான். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

முதலில் உயரம்

மவுண்ட் தேடுகிறவர்கள் முதலில் பிராண்டைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது உயரம். சர்வீஸ் ரைஃபிளில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் சிஎம்பி விதிப்படி தோளில் தாங்கும் ஸ்டாக்கின் நீளத்தை மாற்றிக்கொள்ளலாம், கன்னம் வைக்கும் இடத்தை உயர்த்தித் தாழ்த்தும் அமைப்புக்கு அனுமதி இல்லை. வேறு வகை ரைஃபிள் வைத்திருப்பவர் மவுண்ட் உயரம் கொஞ்சம் கூடிப்போனால் கன்னக்கட்டையை ஏற்றிச் சமாளித்துக்கொள்வார். உங்களுக்கு அந்த வழி கிடையாது. ஸ்டாக் இருக்கும் இடத்தில்தான் இருக்கும், ஸ்கோப்தான் உங்கள் கண்ணைத் தேடி வர வேண்டும், அதை வரவைப்பது மவுண்டின் உயரம் மட்டுமே.

ஏஆர்-15-இல் அயர்ன் சைட்டின் பார்வைக்கோடு குழலின் மையத்துக்கு மேல் சுமார் 2.6 அங்குலத்தில் இருக்கிறது. மவுண்ட் உட்காரும் மேல் ரெயிலிலிருந்து அளந்தால் சுமார் 1.4 அங்குலம். அந்தத் துப்பாக்கியின் ஸ்டாக் வடிவமைக்கப்பட்டதே அந்தக் கோட்டுக்குத்தான். ஆகவே ரெயிலிலிருந்து ஸ்கோப் மையம் வரை 1.4 முதல் 1.5 அங்குலம் என்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் தொடக்கப் புள்ளி. இப்போது 1.93 அங்குலம், 2.26 அங்குலம் என்று உயரமான மவுண்டுகள் பிரபலமாக இருக்கின்றன, வீடியோக்களில் அவற்றைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அவை நிமிர்ந்து நின்று சுடுபவர்களுக்கும், ஹெல்மெட்டும் கவசமும் அணிந்து இரவுப் பார்வைக் கருவி வழியே பார்ப்பவர்களுக்கும் நல்லவை. படுத்துக்கொண்டு, கையில் மாட்டும் துப்பாக்கி வாரை இறுக்கிக் கட்டி, தலையை முன்னால் நீட்டிச் சுடும் ஒருவர் அதை வைத்தால் கன்னம் ஸ்டாக்கில் படாது, தாடைதான் படும். தாடையில் தாங்கும் தலை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்காது.

நேஷனல் மேட்ச் கோர்ஸ் என்னும் வழக்கமான போட்டியில் 50 தோட்டா. 200 கெஜத்தில் நின்றபடி 10, அதே தூரத்தில் உட்கார்ந்து வேகமாக 10, 300 கெஜத்தில் படுத்து வேகமாக 10, 600 கெஜத்தில் படுத்து நிதானமாக 20. ஐம்பதில் முப்பது படுத்துச் சுடுவது. அதனால் உயரத்தைப் படுத்த நிலைக்கே முடிவு செய்யுங்கள், உட்காரும்போதும் நிற்கும்போதும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். சேம்பர் காலி, கொடி உள்ளே. பாயை விரித்து, வாரைப் போட்டு, போட்டியில் படுப்பது போலவே படுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கன்னத்தைத் தூக்கி, தானாக எங்கே போய் உட்காருகிறதோ அங்கே விடுங்கள், இழுக்கவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். கண்ணைத் திறந்து அப்படியே இருங்கள், பக்கத்தில் இருப்பவர் ரெயிலின் மேல் ஒரு ஸ்கேலை நிறுத்தி, உங்கள் கண்மணியின் உயரத்தைப் பக்கவாட்டில் படம் எடுக்கட்டும். ஐந்தாறு தடவை எழுந்து எழுந்து படுத்துச் செய்யுங்கள். எண்கள் ஓர் இடத்தைச் சுற்றியே வரும். அதுதான் உங்கள் மவுண்டின் உயரம், விளம்பரத்தில் இருப்பது அல்ல. எனக்கு வந்த அளவு நான் அதுவரை வைத்திருந்த மவுண்டைவிடக் கால் அங்குலம் குறைவு, மாற்றிய பிறகுதான் 20 தோட்டா முடிந்தும் கழுத்து வலிக்காமல் எழுந்தேன்.

அளவை வைத்துத் தேடும்போது ஒரு குழப்பம் வரும். சில நிறுவனங்கள் ரெயிலின் மேற்பரப்பிலிருந்து ஸ்கோப் குழாயின் மையம் வரை உயரம் சொல்கின்றன, சில ரெயிலிலிருந்து ரிங்கின் உள்வட்டத்தின் அடி வரை சொல்கின்றன. 30 மில்லிமீட்டர் குழாய்க்கு இரண்டுக்கும் 15 மில்லிமீட்டர், அதாவது 0.59 அங்குலம் வித்தியாசம். விவரக் குறிப்பில் எந்த அளவு என்று தெளிவாக இல்லையென்றால் எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். முன்கண்ணாடி ரெயிலில் இடிக்குமோ என்ற கவலை மட்டும் வேண்டாம், சிஎம்பி விதியில் முன்கண்ணாடி 34 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அது இந்த உயரத்தில் எங்கும் இடிக்காது.

எவ்வளவு முன்னால் நீள வேண்டும்

சர்வீஸ் ரைஃபிளில் பழைய வழக்கம், மூக்கு நுனி சார்ஜிங் ஹேண்டிலை (போல்ட்டை இழுக்கும் பின்பக்கக் கைப்பிடி) தொடும்படி தலையை வைப்பது. ஒவ்வொரு முறையும் தலை ஒரே இடத்துக்கு வர அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் கண் அவ்வளவு முன்னால் போனால், கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்கண்ணாடிக்கும் இடையே வேண்டிய மூன்றரை, நான்கு அங்குலத்துக்காக ஸ்கோப்பையும் முன்னால் தள்ள வேண்டும். போல்ட் இருக்கும் உடல்பகுதியான ரிசீவரின் மேல் ரெயிலோ குட்டையானது. சாதாரண ரிங்குகளை வைத்தால் முன் ரிங் ரிசீவரைத் தாண்டி, குழலைச் சுற்றியுள்ள ஹேண்ட்கார்டின் ரெயிலில் போய் உட்காரும். அதைச் செய்யவே கூடாது. ரிசீவர் வேறு, ஹேண்ட்கார்டு வேறு, இரண்டும் சேரும் இடம் மேலிருந்து பார்க்க ஒரே கோடு போலத் தெரிந்தாலும், வாரை இறுக்கும்போது ஹேண்ட்கார்டு தனியாக வளையும், சூடேறும்போதும் அசையும். இரண்டிலும் கால் வைத்த ஸ்கோப் அந்த அசைவை அப்படியே குறிக்குக் கொண்டுபோகும்.

அதற்காகத்தான் கான்டிலீவர் மவுண்ட். கால் ரிசீவரில் மட்டும் நிற்கும், ரிங்குகள் முன்னால் நீண்டிருக்கும், ஒரே உலோகத் துண்டில் குடைந்தது. ஏஆர்-15-க்கு வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நல்லவற்றுக்குச் சில நூறு டாலர் வரை ஆகலாம். ஸ்கோப்புக்கு வைத்த பணத்தில் கொஞ்சம் குறைத்தாவது இதற்கு ஒதுக்குங்கள், நடுத்தர ஸ்கோப்பும் நல்ல மவுண்டும் சேர்ந்தால் விலை உயர்ந்த ஸ்கோப்பையும் மட்டமான மவுண்டையும் எந்த நாளும் தோற்கடிக்கும்.

ரெயிலைப் பிடிக்கும் விதம்

ஏஆர்-15-இன் மேல் ரெயில் பிக்கட்டினி ரெயில். நியூ ஜெர்சியில் உள்ள பிக்கட்டினி ஆர்சனலின் பெயர், 1995-இல் மில்-எஸ்டிடி-1913 என்ற ராணுவத் தரமாக எழுதப்பட்டது. குறுக்குப் பள்ளத்தின் அகலம் 0.206 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் 0.394 அங்குலம். இதற்கு முந்தைய வீவர் ரெயிலில் பள்ளம் 0.180 அங்குலம்தான், இடைவெளியும் சீராக இருக்காது. அதனால் வீவருக்கான மவுண்ட் பிக்கட்டினியில் உட்காரும், ஆனால் பள்ளத்துக்குள் ஆடும். பெட்டியில் இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தால் நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

போல்ட்டால் இறுக்கும் வகையா, நெம்புகோல் போட்டுச் சட்டென்று கழற்றும் வகையா என்பது அடுத்த கேள்வி. டெக்சாஸின் லரூ டாக்டிகல் போன்றவர்களின் நெம்புகோல் மவுண்டுகள் கழற்றி மாட்டினாலும் அதே ஜீரோவுக்கு, அதாவது முன்பு சரிசெய்த குறிக்கு, திரும்பி வரும் என்று பேர் வாங்கியவை, அந்த வகையில் நல்லவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் போட்டியில் ஒரே ஸ்கோப்தான் வருடம் முழுக்க மேலே இருக்கப்போகிறது. கழற்றவே போவதில்லை என்றால் கழற்றுவதற்கான நெம்புகோல் எதற்கு? அதிக பாகம், அதிக எடை, நெம்புகோலின் இறுக்கத்தைச் சரிபார்க்கும் வேலை வேறு. புதியவருக்கு போல்ட் வகைதான். மிசூரியின் பேட்ஜர் ஆர்ட்னன்ஸ், பென்சில்வேனியாவின் கைஸலி, சுவீடனின் ஸ்பூர் எல்லாம் இந்த வகையில் தெரிந்த பெயர்கள். ஸ்பூரில் ரசமட்டம் மவுண்டிலேயே பதித்து வருகிறது, அது எவ்வளவு உதவி என்று கீழே வரும்.

உலோகம் 7075-டி6 அலுமினியமா, 6061-டி6 அலுமினியமா என்று பாருங்கள். முன்னது வலுவானது, பின்னதும் நன்றாகக் குடைந்திருந்தால் போதும். ஒன்றும் எழுதாமல் வெறும் உலோகம் என்று மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். இணையச் சந்தையில் பிரபல மவுண்டுகளின் அச்சு அசல் வடிவில் ஏர்சாஃப்ட் பொம்மைத் துப்பாக்கிக்கான நகல்கள் விற்கின்றன, விலை பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அது இதுதான்.

ரிங்கின் உள் அளவு உங்கள் ஸ்கோப் குழாயோடு சரியாகப் பொருந்த வேண்டும்: 1 அங்குலம், 30 மில்லிமீட்டர், 34 மில்லிமீட்டர். அடாப்டர் வளையம் போட்டுச் சரிக்கட்டாதீர்கள். 20 எம்ஓஏ சரிவு வைத்த மவுண்ட் 600 கெஜத்துக்குத் தேவையில்லை, சமமானதே போதும்.

பொருத்துவது

ரெயில், அதைக் கவ்வும் மவுண்டின் தாடை, ரிங்கின் உட்புறம், குழாய் எல்லாவற்றையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்யுங்கள். மவுண்டை ரெயிலில் வைத்து, இறுக்கும் முன் குழல் முனை இருக்கும் திசையில் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். காரணம் இருக்கிறது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், ஆக மவுண்ட் ரெயிலில் முன்னோக்கி நழுவத் துடிக்கும். முன்பே பள்ளத்தின் முன்சுவரில் முட்டி நின்றால் அது போவதற்கு இடமே இல்லை.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கையளவில் முடிவு செய்யாதீர்கள், இன்ச்-பவுண்டில் அளவு காட்டும் சின்ன டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்குங்கள், நாலு பேர் சேர்ந்து வாங்கினாலும் சரி. ரெயிலைப் பிடிக்கும் பெரிய நட்டுக்குச் சில நிறுவனங்கள் 65 இன்ச்-பவுண்ட் வரை சொல்கின்றன, ரிங்கின் சின்னத் திருகுகளுக்கு 15 முதல் 18 வரைதான் வழக்கம். இரண்டையும் குழப்பி ரிங்கை 65-இல் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கிவிடும், உள்ளே நாப் திருப்பினால் நகராது. உங்கள் மவுண்டின் தாளில் உள்ள எண்ணும் ஸ்கோப்பின் தாளில் உள்ள எண்ணும் வேறுபட்டால் குறைந்ததை எடுங்கள்.

ரிங்கை இறுக்கும் முன் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை நேராக்க வேண்டும். கொத்தனார் சுவர் பார்க்கிற தூக்குக்குண்டை எதிரே ஒரு 25 கெஜத்தில் தொங்கவிட்டு, ரிசீவரின் ரெயிலில் ரசமட்டத்தை வைத்துத் துப்பாக்கியை நேராக நிறுத்தி, குறுக்குக்கோட்டின் செங்குத்துக் கம்பி நூலோடு ஒட்டும் வரை ஸ்கோப்பைத் திருப்புங்கள். ஐந்து டிகிரி சாய்ந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். 200-லிருந்து 600 கெஜத்துக்குப் போக நாபை மேலே சுமார் 12 எம்ஓஏ ஏற்றுவீர்கள், அதில் ஐந்து டிகிரி சாய்வு என்றால் ஒரு எம்ஓஏ பக்கவாட்டில் போகும், 600 கெஜத்தில் ஆறரை அங்குலம். 200-இல் ஒன்றும் தெரியாது, 600-இல் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் ரிங் திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலான இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் வாயைத் திறந்திருந்தால் இறுகும்போது ஸ்கோப் தானாகச் சுழலும், பார்த்த தூக்குநூல் வேலையெல்லாம் வீண். நிறுவனம் சொல்லாமல் பூட்டுப் பசை எதையும் ரிங் திருகில் தடவாதீர்கள், பசை வழவழப்பாக இருப்பதால் அதே அளவில் கூடுதலாக இறுகிவிடும்.

இறுக்கியதும் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து மவுண்ட் வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள், ரிங்குக்கும் குழாய்க்கும் இடையே ஒன்று, மவுண்டுக்கும் ரெயிலுக்கும் இடையே ஒன்று. கோடு உடைந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. இரண்டு ரூபாய்ச் சமாச்சாரம் போலத் தோன்றும், ஆனால் என் முதல் சீசனில் இது இருந்திருந்தால் லைனில் படுத்திருந்தபோதே கண்டுபிடித்திருப்பேன்.

நம்பலாமா என்று பார்ப்பது

பொருத்திய அன்றே ஜீரோ செய்துவிட்டுப் போட்டிக்குப் போகாதீர்கள். 100 கெஜத்தில் பத்துத் தோட்டா சுட்டு, துளைகளின் கூட்டத்தின் நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை உறையில் போட்டு, காரில் வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த வாரம் திரும்பக் கொண்டுவந்து, நாபைத் தொடாமல் அதே தோட்டாவில் பத்து சுடுங்கள். மூன்று வாரம் இப்படிச் செய்து நடு ஒரே இடத்தில் இருந்தால் மவுண்ட் சரி. கூட்டம் சிறியதாக இருந்து நடு மட்டும் இடம் மாறினால் முதலில் நகப்பூச்சுக் கோடுகளைப் பாருங்கள், அவை உடையாமல் இருந்தால் கிளப்பில் ஒருவரிடம் நன்றாக ஓடும் ஸ்கோப்பை அரை மணி நேரம் கடன் வாங்கி அதே மவுண்டில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். அதிலும் நடு மாறினால் மவுண்ட், மாறாவிட்டால் உங்கள் ஸ்கோப். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது.

முதல் 50 தோட்டாவுக்குப் பிறகு டார்க் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ரெயில் நட்டை மட்டும் அதே எண்ணில் ஒரு முறை சோதியுங்கள், புது மவுண்ட் கொஞ்சம் உட்காரும். பிறகு போட்டிக்கு முந்தின இரவு கோடுகளைப் பார்த்தால் போதும், தினமும் திருகை நோண்ட வேண்டாம். இறுக்கிய தேதி, எண், எந்தப் பள்ளத்தில் வைத்தீர்கள் என்பதை சுட்ட விவரங்களைக் குறிக்கும் டேட்டா புக்கின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், பள்ளங்களைப் பின்னாலிருந்து எண்ணி. ஒருநாள் சுத்தம் செய்யவோ குழல் மாற்றவோ கழற்ற நேர்ந்தால், அந்த எண் உங்களைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடும்.